கிணற்றில் எட்டிப் பார்த்தவர்கள்

ஜப்பானின் கோயாசான் மலையில் பதினேழு வருஷம் வெளிநாட்டவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தும், ஹொரிகாவா மினேகோ ஒரு தடவைகூட முகம் பார்க்கும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

கிணறு என்று பெயர்தான். கல்லறைக்காட்டின் நடுப்பாலத்துக்குப் பக்கத்தில், மரக்கூரை போட்ட ஒரு சின்னக் கல்தொட்டி. குனிந்தால் தண்ணீரில் முகம் தெரிய வேண்டும். தெரியாதவர் மூன்று வருஷத்துக்குள் இறந்துபோவார் என்பது ஐதீகம். எங்கள் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம்புகிறவர்கள் பார்ப்பதில்லை, நம்பாதவர்களும் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் வரிசையில் நின்று பார்ப்பார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் மினேகோ கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்ததும், "போகலாமா?" என்று நடப்பாள்.

ஏன் பார்ப்பதில்லை என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"வேலை செய்யற இடத்துல நமக்குன்னு ஜோசியம் பார்க்கக் கூடாது, தொமோயெ-சான்" என்றாள்.

நான் முதல் பாலத்துக்குப் போகும் தெருவில் எள் தோஃபு கடை வைத்திருக்கிறேன். மினேகோ வழிகாட்டியாவதற்கு முன்னால் பக்கத்துக் கோயில் விடுதியின் சமையற்கட்டில் பதினோரு வருஷம் தட்டு தூக்கியவள். விருந்தாளிகள் கையை ஆட்டி ஆட்டிக் கேட்பது புரியவில்லையே என்று ரேடியோ பாடத்தைக் கேட்டு ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். அவள் கணவர் தெய்ஜி மரம் வெட்டுகிறவர். ஒரு தேவதாருக் கட்டை உருண்டு முழங்காலில் விழுந்த பிறகு, வீட்டிலேயே உட்கார்ந்து மரமறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் மூன்று மணி வாக்கில் சுற்று முடிந்ததும் மினேகோ என் கடைக்கு வந்து, அன்றைக்கு யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. ஜப்பானுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல் இருக்கும். தோக்கியோ, ஹகோனே, கியோத்தோ, நாரா, பிறகு எங்கள் மலை, அப்புறம் ஹிரோஷிமா, மியாஜிமா. "ஹகோனேக்கு ஒருநாள் போதுமா? மியாஜிமாவில் தங்கலாமா?" என்று அவளிடம்தான் கேட்பார்கள். அவள் பார்த்ததோ ஒஸாகாவில் ஒரு கண் ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன நாராவும்தான். நாராவில் அன்றைக்கு முழுக்க மழை. விளம்பரத் தாளில் படித்ததை வைத்துத்தான் பதில் சொல்வாள்.

"பொய்யா சொல்றேன்? படிச்சதைத்தானே சொல்றேன்" என்பாள். சொல்லும்போது முகம் கொஞ்சம் சுருங்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் பதினான்காம் தேதி, பின்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஓலவி என்ற பெரிய உருவம், அவர் மனைவி மார்யுட். அந்த அம்மாள் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓலவி கையில் பென்சிலும் பட்டியலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் இங்கே எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். மருந்தடித்துக் கொன்ற கரையான்களுக்காக எழுப்பிய நினைவுக்கல்லைப் பார்த்து மட்டும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்.

மதியம் இரண்டு மணி. மேகம் காட்டுக்குள் இறங்கி, மரங்களின் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கிணற்றருகே இவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர் கொண்ட இன்னொரு கூட்டம் குடையோடு காத்து நின்றது. மினேகோ கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

ஓலவி முதலில் குனிந்தார். "இருக்கேன். அதே கிழவன்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து மார்யுட் குனிந்தார். சிரிப்பு கேட்கவில்லை.

"மினேகோ, கொஞ்சம் இங்க வாங்க" என்றார் கடைசியில். "என் பக்கத்துல நின்னு பாருங்க. நான் இருக்கேனான்னு சொல்லுங்க."

தான் கூட்டி வந்தவர் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? மினேகோ குனிந்தாள்.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. தேவதாருக் கிளைகளும் அவற்றுக்கு நடுவே மேகமும் தெரிந்தன. வலது பக்கம் மார்யுட்டின் முகம் தெளிவாக இருந்தது. மஞ்சள் கழுத்துத்துணி, நெற்றியில் ஒட்டிய ஈரமுடி, மூக்கோரத்து மச்சம்கூட. இடது பக்கம், தன் முகம் இருக்கவேண்டிய இடத்தில், கிளைகளும் மேகமும் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து போயின. அங்கே யாரும் நிற்காத மாதிரி. மினேகோ கையைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீரில் கை இல்லை.

"நீங்க இருக்கீங்க" என்றாள். "மச்சம் வரைக்கும் தெரியுது."

மார்யுட் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களையும் எனக்கு நல்லா தெரியுது. தொப்பி தெரியுது, காதுல முத்து தெரியுது. என்னைத்தான் காணோம்."

மினேகோ தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் நோயாளிகளின் முகத்தைப் படித்த பெண் அவர். நிமிர்ந்து மினேகோவைப் பார்த்தார்.

"உங்களுக்கும் அப்படித்தானா?"

மினேகோ தலையாட்டினாள். பின்னாலிருந்த கூட்டத்தில் ஒருவர், நாங்கள் வரலாமா என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள்.

அன்றைக்குக் கடைக்கு வந்த மினேகோ உட்காரவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும், நின்ற கோணம் அப்படி இருந்திருக்கும் என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க தெரிஞ்ச அதே தண்ணிதானே?" என்றாள்.

"ஆமா."

"அதே வெளிச்சம்தானே?"



அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கண்ணாடியில் தன் முகம் தெரிகிறது, ரயில் ஜன்னலில் தெரிகிறது, அசையாத தண்ணீரில் மட்டும் தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். கோயில் வாசலில் கை கழுவும் தொட்டியில் குனிந்தால் கூரை தெரியுமாம், கூரையில் தொங்கும் விளக்கு தெரியுமாம், அதை மறைக்கவேண்டிய தலை மட்டும் இருக்காதாம். மனசு போடுகிற வேஷம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அவள் வந்து உட்காரும் நேரத்தில் தோஃபு மிதக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகையைப் போட்டு மூடி வைத்தேன்.

டிசம்பரில் பின்லாந்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. 'நான் இருக்கிறேன். நீங்கள்?' என்று ஒரே வரி. மினேகோ, 'நானும்' என்று பதில் போட்டாள். அதிலிருந்து மாதம் ஒன்று வந்தது, ஒன்று போனது.

பனி விட்டதும் மினேகோ ஒரு முடிவோடு வந்தாள்.

"மூணு வருஷம்னா மூணு வருஷம். மத்தவங்களுக்கு வழி சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அந்தப் பட்டியல்ல இருக்கறதையெல்லாம் ஒரு தடவை நானும் போய்ப் பார்த்துட்டு வரேன்."

தெய்ஜி என்னிடம் முறையிட்டார். "பேய் பிடிச்சவங்க கோயிலுக்குப் போவாங்க. இவ ஹகோனேக்குப் போறேங்கறா."

ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் தேதி காலையில், பருவம் தப்பிப் பனி தூறிக்கொண்டிருந்தபோது, அந்த முழங்காலோடு நொண்டி நொண்டிக் கிணறு வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"பார்த்துட்டேன். இருக்கேன். முன்னைவிட அழகாவே இருக்கேன்" என்று கடைவாசலில் நின்று சொன்னார். மினேகோ அன்றைக்குத்தான் பல வாரம் கழித்துச் சிரித்தாள்.

மே மாதம் ஹகோனே போனாள். ஏரிக்கரைப் படகுத்துறையில் காற்றே இல்லாத காலை. துறை விளிம்பில் வரிசையாக நின்றவர்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தார்கள், ஃபுஜி மலையும் தெரிந்தது. தான் நின்ற இடத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு வானம் இருந்தது என்றாள். இலையுதிர் காலத்தில் கியோத்தோ போனாள். பொன் மண்டபத்தின் குளக்கரையில், பாதை வளையும் இடத்தில் நின்ற ஒருவரிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் படத்தை நான் பார்த்தேன். கரையில் மினேகோ நிற்கிறாள். தண்ணீரில் வேலிக்கம்பி தெரிகிறது, பக்கத்தில் நிற்பவரின் சிவப்புக் கோட்டு தெரிகிறது. மினேகோ தெரியவேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் கலங்கியிருக்கிறது.

"மீன் துள்ளியிருக்கு" என்றேன்.

"மீன்தான்" என்றாள். "எல்லா இடத்துலயும் சரியா அந்த நேரத்துக்கு ஏதாவது ஒண்ணு வந்துடுது."

நாராவில் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். மான் ஒன்று அவள் கோட்டுப் பையைக் கடித்து, பிஸ்கட்டோடு ரயில் சீட்டையும் தின்றுவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது அக்டோபரில் மியாஜிமாவுக்கு நானும் கூடப் போனேன். கடல் வற்றியிருந்த நேரம். கோயிலின் சிவப்புத் தூண்களுக்குக் கீழே சேறு மினுங்கியது. அங்கே, கடல் இறங்கினாலும் தண்ணீர் இறங்காத ஒரு வட்டக் குளம் இருக்கிறது. மினேகோ என் கையைப் பிடித்து அதனருகே கூட்டிப்போனாள்.

"என்னால என்னைப் பார்க்க முடியாது. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் இருக்கேனா, நீங்க இருக்கீங்களா, ரெண்டையும் சொல்லணும்."

இருவரும் சேர்ந்து குனிந்தோம். "ரெண்டு பேரும் இருக்கோம்" என்று நான் சொன்னேன்.

இதை எழுதும்போதுதான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன். குனியும்போதே கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

"ரொம்ப நன்றி" என்று மினேகோ சொன்னாள். வழி தெரியாத ஊரில் வழி சொன்னவருக்குச் சொல்வதுபோல அத்தனை மரியாதையாகச் சொன்னாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் தபாலட்டை நின்றது. ஜனவரியில் இல்லை, பிப்ரவரியிலும் இல்லை. மினேகோ தினமும் தபால் நிலையம் வரைக்கும் நடந்தாள். மார்ச் மாதம் தடித்த கடிதம் ஒன்று வந்தது. பிரிக்காமல் என் கடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாக எனக்கும் சொல்லிக்கொண்டே படித்தாள்.

இறந்தது மார்யுட் இல்லை, ஓலவி. ஜனவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் அவராகவே கிணற்றைப் பற்றிப் பேசினாராம். அவர் பேசியதை மார்யுட் அப்படியே எழுதியிருந்தார்.

"எனக்கு அன்னிக்கு எதுவும் தெரியலை. கிளைதான் தெரிஞ்சுது. பின்னால பத்துப் பேர் மழையில நின்னாங்க. இன்னும் நேரம் ஆக்கினா நல்லா இருக்காதேன்னுதான் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

மினேகோ கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எல்லோரும் பளிச்சென்ற மழைக்கோட்டுகளில் காட்டை நோக்கி நடந்தார்கள்.

"பதினேழு வருஷம்" என்றாள். "நான் கூட்டிட்டுப் போனவங்க எல்லாரும் சிரிச்சாங்க, தொமோயெ-சான். முதுகைக் காட்டிட்டு அந்தச் சிரிப்பைத்தான் கேட்டேன். ஒருத்தர் முகத்தையும் பார்க்கலையே."

அப்புறம் ஒவ்வொருவராக அவள் நினைவுக்கு வர ஆரம்பித்தார்கள். சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டு நடந்த ஒரு பையன். புதிதாகக் கல்யாணம் ஆனவள், கடைசிப் பாலத்தைத் தாண்டாமல் இங்கேயே நிற்கிறேன் என்று சொன்னது. தன் பெண்ணை மட்டும் பார்க்கவிடாமல் இழுத்துக்கொண்டு போன ஒரு தகப்பன். அப்போதெல்லாம் களைப்பு என்று நினைத்திருந்தாள்.

வந்தவர்கள் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுப் போகும் நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அதிலிருந்து நாற்பது பேரைப் பொறுக்கி, 'கோயாசானில் உங்களோடு நடந்த மினேகோ. எப்படி இருக்கிறீர்கள்?' என்று மட்டும் எழுதித் தபாலட்டை போட்டாள். அந்தக் கோடையில் முப்பது பதில்கள் வந்தன. குழந்தை பிறந்தது, வேலை மாறியது, திரும்ப ஜப்பான் வர ஆசை என்று எல்லாம் நல்ல செய்தி. ஒன்பது பேரிடமிருந்து பதில் இல்லை. வீடு மாறியிருப்பார்கள், சோம்பலாக இருந்திருப்பார்கள். பதில் போடாமலிருக்க ஆயிரம் காரணம் உண்டு. மிச்சம் ஒன்று அயர்லாந்திலிருந்து வந்தது. நடுங்கும் கையெழுத்தில், 'என்னிடம் ஏன் இதைக் கேட்கிறீர்கள்?' என்று மட்டும் இருந்தது. மினேகோ இரண்டு தடவை அந்த முகவரிக்குத் திரும்ப எழுதினாள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் அவள் தெய்ஜியிடமே கேட்டுவிட்டாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னிக்குக் கிணத்துல நெஜமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்னு அப்பவே சொன்னேன்ல."

"என்ன தெரிஞ்சுது?"

"என் மூஞ்சிதான். வேற யார் மூஞ்சி தெரியும்?"

"தலையில என்ன இருந்துது?"

அரம் நின்றது. "தலையில என்ன இருக்கும்? முடிதான் இருந்துது. இருக்கற நாலு முடி."

அவர் கிணற்றுக்குப் போன அன்று காலை பனி தூறியது. நீல நிறக் கம்பளித் தொப்பியை அவர் தலையில் மாட்டி, காது வரைக்கும் இழுத்துவிட்டு அனுப்பியதே மினேகோதான். கடைவாசலில் நின்று பேசியபோதும் அந்தத் தொப்பி அவர் தலையில் இருந்தது. நானே பார்த்தேன்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அரம் திரும்ப ஓட ஆரம்பித்தது என்று என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது நவம்பர் பன்னிரண்டாம் தேதி மார்யுட் தனியாக வந்து இறங்கினார். மினேகோ வீட்டிலேயே தங்கினார். மூன்று வருஷம் முடியும் பதினான்காம் தேதி காலையில் இரண்டு பேரும் என் கடைக்கு வந்து, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மத்தியானம் தெய்ஜி சீட்டுக்கட்டோடு வந்தார். நாலு பேரும் ஆடினோம். மார்யுட்டுக்கு எங்கள் பூச்சீட்டு புரியவில்லை. ஆனாலும் அவரே ஜெயித்தார்.

"இந்தம்மா ஏமாத்தறாங்க" என்றார் தெய்ஜி.

"மூணு வருஷமா எதிலயும் ஜெயிக்கலை. இதையாவது விடுங்க" என்றார் மார்யுட். மினேகோ அதை மொழிபெயர்த்து தெய்ஜிக்குச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு மேகம் தெருவில் இறங்கியது. ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குக் கோயிலின் பெரிய மணி அடித்தது. அது ஓயும் வரைக்கும் ஒருவரும் சீட்டைக் கீழே போடவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் மார்யுட்.

"அவ்வளவுதான் போல."

"சந்தோஷப்படணும் இல்லையா?"

"படணும்தான்" என்றாள் மினேகோ. அவள் கண் தெய்ஜி மேல் இருந்தது. அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மூன்று வருஷம் முடிய ஏப்ரல் வரைக்கும் இருந்தது.

ஜனவரியில் மார்யுட் ஊர் திரும்பினார். அந்தக் குளிர்காலம் முழுக்க மினேகோ வேலைக்குப் போகவில்லை. வாசல் பனியைத் தானே வாரினாள். தெய்ஜி மண்வெட்டியைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டாள். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கிணற்றைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் என்னிடம், "நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? கொஞ்சம் சொல்லி வைங்க அவகிட்ட" என்றார். கிணற்று விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி தெய்ஜி ஒன்பது மணி வரை தூங்கினார். எழுந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். முழங்கால் குத்துகிறது என்று திட்டினார். சாயங்காலம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பதறிக்கொண்டு பின்னால் போன மினேகோ, அவர் அங்கே யாரிடமோ சண்டை போடும் சத்தம் கேட்டதும், என் கடைப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தெய்ஜி இப்போதும் இருக்கிறார். மார்யுட்டும் இருக்கிறார், போன வசந்தத்தில் மினேகோவோடு கனஸாவா போய்விட்டு வந்தார். மினேகோ வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறாள். கிணற்றைப் பற்றி அவளாகச் சொல்வதில்லை. போனில் படித்துவிட்டு வந்து கேட்கிறவர்களைத் தடுப்பதும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் கிணற்றின் எதிர்ப்பக்கம் போய், குனிகிறவரின் முகத்துக்கு நேரே நிற்கிறாள். சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது, யாருக்குத் தன் முகம் தெரியவில்லை என்பது அதில் தெரிந்துவிடும் என்கிறாள். அப்படி ஒருவரைக் கண்டால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே நடப்பாள். தேநீர் வாங்கிக் கொடுப்பாள். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, தான் நடந்து பார்த்த வழியைச் சொல்வாள். கடைசியில் தன் முகவரியை எழுதிக் கொடுத்து, "ஒரு வரி போதும். மாசாமாசம் போடுங்க" என்பாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு மேஜையில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த தபாலட்டைகள் பரந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. பதில் அட்டைகளில் தெய்ஜி தபால்தலைகளை ஒட்டிக் கொடுக்கிறார். நான் தோஃபு கொண்டுபோனால், மினேகோ தலையைத் தூக்காமல் கையைக் காட்டி உட்காரச் சொல்வாள். இன்னும் முடியவில்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்பாள்.